மோட்டாரை மாற்றாதீர்கள், பைப்பைப் பாருங்கள்

கேள்வி: கிணற்றிலிருந்து தென்னந்தோப்புக்கு 300 மீட்டர் தூரம், ஏறக்குறைய சமதளம்தான். 5 எச்.பி. மோட்டார், இரண்டு இஞ்ச் பிவிசி பைப். கிணற்று மேட்டில் 200 லிட்டர் டிரம் 40 விநாடியில் நிறைகிறது. தோப்பில் 65 விநாடி ஆகிறது. 7.5 எச்.பி. மோட்டார் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாங்க. டிரம் வைத்து அளந்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. மேட்டில் விநாடிக்கு 5 லிட்டர் வருகிறதென்றால் மோட்டார், ஃபுட் வால்வு (உறிஞ்சு பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுப்பது) இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. தோப்புக்கு 3 லிட்டர்தான் போகிறது. மீதியைத் தடுப்பது பைப்பின் உராய்வு.

இரண்டு இஞ்ச் என்பது 63 மி.மீ. பைப். அது வெளி அளவு. நான்கு கிலோ (சதுர செ.மீ.க்கு 4 கிலோ அழுத்தம் தாங்கும்) பைப்பில் உள்விட்டம் 59 மி.மீ. சுமார்தான் இருக்கும். கணக்கு போடும்போது பலரும் சறுக்குவது இங்கேதான். பைப்பின் உராய்வு இழப்பைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில், பிவிசியின் வழவழப்புக்கு 150 என்ற எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 5 லிட்டரையும் இந்தப் பைப்பில் தள்ள, 300 மீட்டருக்கு 16 மீட்டர் அழுத்தம் (அவ்வளவு உயரம் தண்ணீர் ஏற்றும் அழுத்தம்) உராய்விலேயே போய்விடும். ஐந்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி. அவ்வளவு தள்ள முடியாமல்தான் உங்கள் மோட்டார் 3 லிட்டரோடு நிற்கிறது. அதற்கே 6 மீட்டர் போகிறது.

பெரிய மோட்டார் போட்டு 4 லிட்டர் ஆக்கினால் இழப்பு 6 மீட்டரிலிருந்து 10 மீட்டரைத் தாண்டும். தண்ணீர் இரட்டித்தால் இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். கூடுதல் எச்.பி.க்கு மின்வாரிய அனுமதிக்கு அலைவது வேறு.

விட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதே 5 லிட்டருக்கு இரண்டரை இஞ்சில் (75 மி.மீ.) இழப்பு 7 மீட்டர், மூன்று இஞ்சில் (90 மி.மீ.) 3 மீட்டர்கூட வராது. ஆனால் பழைய பைப்பைத் தோண்டி எடுக்கவும் வேண்டாம். அதன் பக்கத்திலேயே இன்னொரு இரண்டு இஞ்ச் பைப் ஓட்டுங்கள். தண்ணீர் பாதிப்பாதியாகப் பிரியும்போது இழப்பு நாலரை மீட்டருக்குள் வந்துவிடும். தனி இரண்டரை இஞ்சை விட இது மேல்.

ஒன்று கவனியுங்கள். தென்னை மட்டையைக் கொளுத்திப் பைப் முனையை வாட்டிச் செருகுவது நம் ஊர் வழக்கம். அதிகம் வாட்டினால் முனை நெளிந்து உள்ளே மடிந்துகொள்ளும். அதுவும் தண்ணீரைத் தடுக்கும். புதிய லைனுக்கு சாக்கெட் வைத்த (செருக வசதியாக ஒரு முனை அகலமாகவே வரும்) பைப்பாகவே வாங்குங்கள். கிணற்றடியில் 'T' வடிவ இணைப்பு போட்டு இரண்டு லைனையும் பிரித்து, தோப்பில் மறுபடி ஒன்று சேருங்கள். ஒவ்வொரு லைனின் இரு முனையிலும் ஒரு வால்வு இருக்கட்டும். ஒன்று உடைந்தாலும் மற்றதில் தண்ணீர் பாய்ச்சலாம்.