மகளின் புராஜெக்ட் போர்டு: பணம் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகள் பொறியியல் இறுதியாண்டு. வயல் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி செய்கிறாள். நீல நிறச் சின்ன போர்டு. லேப்டாப்பிலிருந்து சிப்புக்குப் புரோகிராம் ஏற்றும் எஸ்டி-லிங்க் என்ற குச்சியால் முதல் தடவை புரோகிராம் ஏறியது. திருத்தி மறுபடி ஏற்றப் போனால் ‘நோ எஸ்டிஎம்32 டார்கெட் ஃபவுண்ட்’, அதாவது போர்டில் இருக்கும் எஸ்டிஎம்32 சிப்பைக் காணவில்லை என்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு புராஜெக்ட் சென்டரில், “சிப் எரிந்துவிட்டது, எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. முதலில் ஏறிய புரோகிராம் இன்னும் ஓடுகிறதா என்று மகளிடம் கேளுங்கள். மோட்டாரை நிறுத்தும் சுவிட்சான ரிலே ‘டிக்’ என்று தட்டினால் சிப் உயிரோடுதான் இருக்கிறது.

முதல் தடவை ஏறி, அடுத்த தடவை ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். குச்சி அந்தச் சிப்போடு பேசுவது பிஏ13, பிஏ14 என்ற இரண்டு கால்கள் (பின்கள்) வழியாக. எந்தக் காலுக்கு என்ன வேலை என்று அமைக்கும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் ‘எஸ்ஒய்எஸ்’ பகுதியில் ‘டீபக்’ என்ற இடத்தில் ‘சீரியல் வயர்’ தேர்ந்தெடுக்காமல் விட்டால், புரோகிராம் ஓடத் தொடங்கியதும் அந்த வழியை அடைத்துவிடும். புதுச் சிப்பில் அந்தப் புரோகிராம் இல்லை, அதனால் ஏறியது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மோட்டார் பக்கத்து இணைப்பு முழுவதையும் கழற்றிவிட வேண்டும். மோட்டார் கரண்ட் வரும் போர்டை லேப்டாப்போடு இணைக்கவே கூடாது. நீலப் போர்டில் ‘பூட்0’ என்ற மஞ்சள் ஜம்பரை (கழற்றி மாட்டும் சின்ன மூடி) 1 பக்கம் மாற்றி, ரீசெட் பொத்தானை அழுத்தட்டும். இப்போது சிப் மகளின் புரோகிராமை ஓட்டாது, குச்சி இணைந்துவிடும். ‘சீரியல் வயர்’ போட்டுத் திருத்திய புரோகிராமை ஏற்றிவிட்டு ஜம்பரை 0 பக்கம் திருப்பி, மறுபடி ரீசெட். யூடியூபில் ‘கனெக்ட் அண்டர் ரீசெட்’ என்பார்கள், அதாவது சிப்பை ரீசெட்டில் பிடித்து வைத்தபடியே குச்சியை இணைப்பது. மலிவுக் குச்சிகள் பலவற்றில் ரீசெட் கால் இந்தச் சிப் வகைக்கு வேலை செய்யாது, அதை நம்பி உட்கார வேண்டாம்.

அப்படியும் இணையாவிட்டால் குச்சியின் உறையைக் கழற்றிப் பாருங்கள். மலிவுக் குச்சிகளில் உறை மேல் அச்சிட்ட கால் பெயர் ஒன்று, உள்ளே போர்டில் இருப்பது வேறொன்று என்று வருவதுண்டு. உள்ளே இருப்பதை நம்பி நான்கு வயரையும் மாட்டட்டும்: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டபிள்யூடிஐஓ (பிஏ13), எஸ்டபிள்யூசிஎல்கே (பிஏ14). வயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். 5 வோல்ட் காலை 3.3-இல் மாட்டிவிட்டால் அப்போது நிஜமாகவே எரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சென்டரில் விற்ற போர்டாகவோ கடையில் வாங்கிய மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டாகவோ இருந்தால், உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி செய்தவர் பூட்டி வைத்திருக்கலாம். அந்தப் பூட்டை எடுத்த நொடியே சிப் தன் புரோகிராம் முழுவதையும் அழித்துக்கொள்ளும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. “அன்லாக் பண்ணித் தருகிறோம்” என்று முன்பணம் வாங்கி, காலிச் சிப்பைக் கையில் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மூல நிரல் (திருத்தக்கூடிய அசல் புரோகிராம்) நம்மிடம் இல்லாமல் யாரையும் அன்லாக் செய்ய விடாதீர்கள். மகள் தானே எழுதிய புரோகிராம் என்றால் இந்தப் பயமே வேண்டாம், அது அவள் கணினியில் இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நான்கு வருடம் படிக்க வைத்து, 8051 என்ற பழைய சிப்பின் பயிற்சிக் கிட்டில் ஹெக்ஸ் எண்களைத் தட்ட வைத்து, இந்தக் குச்சியை ஒரு மதியம்கூடக் கையில் கொடுக்காமல் நேரே ‘ரிவ்யூ’ தேதியை அறிவிக்கிறார்கள். பிள்ளைகள் சென்டர் வாசலில் நிற்காமல் என்ன செய்வார்கள்? அங்கே கொடுப்பதும் மூல நிரல் இல்லாத, சிப்பில் ஏற்ற மட்டுமே ஆகும் வெறும் ஹெக்ஸ் கோப்புதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு டைமரை மாற்றச் சொன்னால் மாற்ற வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் போர்டு அசையாவிட்டால் புதிது ஒன்று வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். குச்சியையும் லேப்டாப்பையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பழைய போர்டில் ஏற்றிய அதே புரோகிராமை ‘சீரியல் வயர்’ போடாமல் புதியதில் ஏற்றினால், மறுநாள் அதுவும் இதேபோல் நிற்கும்.