புதன்கிழமை மாலையும் புது வேலையும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மிச்சிகனில் விவாகரத்து முடிந்து, கோர்ட் உத்தரவுப்படி மகள் புதன் மாலைகளிலும் ஒரு வாரம் விட்டு ஒரு வார இறுதியிலும் உங்களிடம். இப்போது ஃபெடரல் அலுவலகத்தில் புது வேலை, இரவு ஏழுக்குத்தான் வெளியே வர முடிகிறது. கிழமையை மாற்ற எந்தப் படிவம், அதற்காக லீவு கேட்டால் வேலைக்குச் சிக்கலா என்கிறீர்கள்.

படிவத்தைத் தொடுவதற்கு முன் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். நான் தலைகீழாகச் செய்து அவஸ்தைப்பட்டவள். கோர்ட்டில் வியாழன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன், அடுத்த மாதமே ஆபீஸில் ஷிஃப்ட் மாறிவிட்டது.

பல ஃபெடரல் அலுவலகங்களில் ஐந்து-நாலு-ஒன்பது என்று ஒரு முறை உண்டு. இரண்டு வாரத்துக்கான எண்பது மணி நேரத்தை ஒன்பது நாளில் முடித்துவிட்டு, பத்தாம் நாள் வீட்டில் இருக்கலாம். எல்லாப் பிரிவிலும் தரமாட்டார்கள். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

அது தெரிந்தபின் படிவம். உங்களுக்கானது எஃப்.ஓ.சி. 65: பேரன்டிங் டைமை, அதாவது பிள்ளை உங்களோடு இருக்கும் நேரத்தை, மாற்றக் கேட்கும் மனு. எஃப்.ஓ.சி. 87 என்றும் ஒன்று கண்ணில் படும். அது கஸ்டடியையே, அதாவது பிள்ளை யார் பொறுப்பில் என்பதையே, மாற்றக் கேட்பது, அதற்குக் கனமான காரணம் வேண்டும். பேரன்டிங் டைமை மட்டும் நகர்த்துவதற்கு, பிள்ளை வளர்ந்து பள்ளி மாறுவது போன்ற சாதாரண மாற்றங்களே போதும் என்று மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் ஷேட் வழக்கில் சொல்லியிருக்கிறது.

காரணம் எழுதும் இடத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். நான் "எனக்கு வேலை முடிய நேரமாகிறது" என்று எழுதியிருந்தேன். நீதிபதிக்குப் பதிலாக விசாரித்துப் பரிந்துரை தரும் கோர்ட் அதிகாரியான ரெஃபரி, "சரி, இதில் குழந்தைக்கு என்ன நன்மை?" என்று கேட்டார். விழித்தேன். மகள் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், புதனன்று உங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறாள், வெள்ளியன்று நீங்களே பள்ளியிலிருந்து கூட்டி வந்தால் என்ன மாறும் என்று எழுதுங்கள். முன்னாள் மனைவியைப் பற்றிய புகாருக்கு அது இடமில்லை. இரவு தங்கும் நாட்களின் எண்ணிக்கை மாறினால் சைல்ட் சப்போர்ட் கணக்கும் மாறலாம், அதையும் யோசித்துக் கேளுங்கள்.

முன்னாள் மனைவியும் சம்மதம் என்றால் ரொம்ப நல்லது. ஆனால் வாட்ஸ்அப்பில் "ஓகே" வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். இருவரும் கையெழுத்திட்டு, நீதிபதியும் கையெழுத்திட்டால்தான் அது உத்தரவு. குடும்ப வழக்குகளில் கோர்ட்டுக்கு உதவும் ஃபிரெண்ட் ஆஃப் தி கோர்ட் (எஃப்.ஓ.சி.) அலுவலகம் சமரசம் பேச உதவும். ஒன்று, அவர்கள் கோர்ட்டுக்குத்தான் ஃபிரெண்ட், உங்கள் வக்கீல் அல்ல. ரெஃபரியின் பரிந்துரை பிடிக்கவில்லை என்றால் ஆட்சேபிக்க 21 நாள் உண்டு.

லீவு விஷயம் சின்னதுதான். கோர்ட் லீவு என்பது ஜூரியாகப் போகிறவர்களுக்கும், அரசு ஒரு தரப்பாக உள்ள வழக்கில் சாட்சி சொல்பவர்களுக்கும். சொந்த வழக்குக்குக் கிடையாது, குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டமான எஃப்.எம்.எல்.ஏ.-வும் இதற்கு வராது. பெரும்பாலும் ஆண்டு விடுப்பில்தான் எடுக்க வேண்டும், ஹியரிங் நோட்டீஸ் வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பயம் வேறு என்று புரிகிறது: முதல் வருஷம், ப்ரொபேஷன். வேலையை விட்டு எடுத்தால் ஃபெடரல் ஊழியர்களின் மேல்முறையீட்டைக் கேட்கும் வாரியமான எம்.எஸ்.பி.பி.-யில் முறையிடும் உரிமை அந்தக் காலத்தில் மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் பாகுபாடு பற்றிய புகாருக்கு ப்ரொபேஷன் தடையில்லை. ஒரே பிரிவில் அம்மாக்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடுத்து, "அப்பாவுக்கு எதற்கு?" என்று உங்களுக்கு மட்டும் மறுத்தால், அது ஆண்-பெண் பாகுபாடாகலாம். பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் உங்கள் அலுவலகத்தின் ஈ.ஈ.ஓ. (சம வேலைவாய்ப்பு) கவுன்சிலரை 45 நாளுக்குள் பார்க்க வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் அந்த 45-இல் அடக்கம். அவர்கள் பேசி முடித்து நோட்டீஸ் கொடுத்தால், எழுத்துப் புகாருக்கு 15 நாள்தான்.

ஐந்து-நாலு-ஒன்பது கிடைத்தால், லீவு வெள்ளியை மகள் உங்களிடம் வரும் வாரத்தோடு பொருத்திக் கேளுங்கள். படிவத்தில் "வெள்ளி, பள்ளி விட்டதும்" என்று எழுதிவிடலாம்.