திருப்போரூர் விபத்துக்குப் பின் ஒரு தாயின் கேள்வி: மகளைப் போர் விமானியாக விடலாமா?

அன்புள்ள அம்மா,

திருப்போரூர் அருகே பயிற்சி விமானம் விழுந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூ படிக்கும் மகளோ போர் விமானம் ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எதையாவது சொல்லி அவள் மனத்தை மாற்றச் சொல்கிறீர்கள். அந்த வேலையை நான் ஏற்கப் போவதில்லை. ‘ஒன்றும் ஆகாது, தைரியமாக அனுப்புங்கள்’ என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வதற்குப் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

முதலில் செய்தியைச் சரியாகப் பார்ப்போம். 2025 நவம்பர் 14 அன்று விழுந்தது பிலாட்டஸ் பிசி-7. அது ஜெட் அல்ல. மூக்கில் விசிறி சுழலும் அடிப்படைப் பயிற்சி விமானம். விமானி வெளியேறி உயிர் தப்பினார். அதே ரக விமானம் 2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவின் தூப்ரான் அருகே விழுந்தபோது, கற்றுக்கொடுத்தவர், கற்றுக்கொண்டவர் இருவருமே இறந்தார்கள். ஜெட் விமானங்களிலும் இதே கதைதான். 2023 ஜூன் 1 அன்று சாமராஜநகர் அருகே கிரண் விமானம் விழுந்தது. அதில் இருந்த இருவரும் பிழைத்தார்கள், அவர்களில் ஒருவர் பெண் அதிகாரி. 2024 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் கலைக்குண்டாவில் ஹாக் என்னும் பயிற்சி ஜெட் விழுந்தபோதும் இருவரும் தப்பினார்கள். 2025 ஜூலை 9 அன்று ராஜஸ்தானின் சூருவில் இரட்டை இருக்கை ஜாகுவார் போர் விமானம் விழுந்ததில் இருவரும் உயிரிழந்தார்கள். இதையெல்லாம் உங்கள் மகளிடம் மறைக்காதீர்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஹாக் விமானத்தின் படம் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். விமானியின் தலைக்கு மேல் உள்ள கண்ணாடிக் கூரையில் வெள்ளை நிறத்தில் வளைந்து நெளிந்து ஒரு கோடு ஓடும். அலங்காரம் என்று நினைத்துவிடுவோம். அது வெடிமருந்துக் கயிறு. தொடைகளுக்கு நடுவே உள்ள கைப்பிடியை விமானி இழுத்தால், அந்தக் கயிறு வெடித்துக் கண்ணாடியை நொறுக்கும். மறுகணமே இருக்கை ராக்கெட் விசையில் மேலே பாயும். அந்த உந்துதலில் முதுகெலும்பு நசுங்க வாய்ப்புண்டு. அதனால்தான் தப்பியவர்களைக்கூட உடனே மீண்டும் பறக்க விடுவதில்லை. முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்து, மருத்துவர்கள் தகுதிச் சான்று தந்த பிறகே அனுமதிக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையில் உயரத்தோடு தொடை நீளத்தையும் ஏன் அளக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்களே, காரணம் இதுதான்: தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் இருந்தால், வெளியேறும்போது முழங்கால் முன்பலகையில் மோதும். குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. இவ்விரண்டையும் இன்றே வீட்டில் அளந்துவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடக்கூடும்.

ஆனால் எவ்வளவு நல்ல இருக்கையாக இருந்தாலும், விமானம் தரையிலிருந்து போதிய உயரத்தில் இருக்கும்போதே கைப்பிடியை இழுத்தாக வேண்டும். ‘இன்னும் ஒரு முறை முயன்று பார்க்கலாம், விமானத்தைக் காப்பாற்றிவிடலாம்’ என்ற ஆசையில் உலகெங்கும் பல விமானிகள் கடைசி நொடிகளை இழந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் மகளுக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இந்த வயதில் அது எல்லாருக்கும் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயை உடைத்தால், தானே போய் ஆசிரியரிடம் சொல்லும் பிள்ளையா? அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியிலும் பிறகு பீதர் பயிற்சித் தளத்திலும், ஒவ்வொரு முறை பறந்து இறங்கிய பிறகும் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைப்பார்கள். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகி, திருத்தினால் முகம் சுருங்கும் பிள்ளைகள் அங்கே மிகவும் திணறுவார்கள். தேறாதவர்களைப் பறக்கும் பயிற்சியிலிருந்து பாதியிலேயே நிறுத்துவதும் உண்டு. அப்படி நடந்தால் உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்று தயவுசெய்து கவலைப்படாதீர்கள்; அந்த நிறுத்தமே ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம்.

போக்குவரத்து விமானம் மட்டும்தான் ஓட்டுவேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். எந்தப் பிரிவு என்பதைப் பயிற்சியில் அவள் காட்டும் திறனையும் தேவையையும் பார்த்து விமானப்படை முடிவு செய்யும். தவிர, 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு, 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்த ஏஎன்-32 விமானமும் போக்குவரத்து விமானம்தான்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிறு வயதில் வலிப்பு, அடிக்கடி மயக்கம், காதில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்திருந்தால், தேர்வு போய்விடும் என்று மறைக்காதீர்கள். வானத்தில் மயங்கினால் கூட இருப்பவரும் சேர்ந்து சாக நேரிடும்.

இனி வழிமுறை. பிளஸ் டூ மாணவர்கள் எழுதும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வில் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கான 92 இடங்களில் பெண்களுக்கு 2 மட்டுமே என்றுதான் அண்மைக்கால அறிவிக்கைகள் சொல்கின்றன. எழுதட்டும், அதையே நம்பி ஓராண்டை வீணாக்க வேண்டாம். இயற்பியலும் கணிதமும் படிக்கிறாள் என்பதால், பட்டப்படிப்பை 60 விழுக்காட்டோடு முடித்து, விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான அஃப்கேட் எழுதலாம். வயது வரம்பு 20 முதல் 24. இரண்டு வழிகளிலும் விமானித் திறன் சோதனை ஒன்று உண்டு. அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும், தவறினால் பறக்கும் பிரிவு கிடையாது. காய்ச்சலோடும் பயணக் களைப்போடும் அதற்குப் போய் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தையும் கடைசி நாள்வரை தள்ளிப்போடாமல் அனுப்பிவிடுங்கள். மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ எடுத்தால், விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் அவள் விண்ணப்பிக்கலாம்.