ஒன்றரை மணி நேர மதியக் கச்சேரி: 17 வயதுப் பாடகி எப்படித் தயாராக வேண்டும்?

கேள்வி: மகளுக்கு 17 வயது. வரும் மார்கழியில் சென்னை சபா ஒன்றில் மதியம் ஒன்றரை மணி நேரம் பாட வாய்ப்பு கிடைத்திருக்கிறது. வயலின், மிருதங்கம் பக்கவாத்தியம். கல்யாணி ராகத்தை மெயினாக, அதாவது கச்சேரியின் பிரதான உருப்படியாகப் பாட ஆசைப்படுகிறாள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

பாடாந்தரம், ராக லட்சணம், சாகித்ய சுத்தம் எல்லாம் அவளுடைய குருவின் பொறுப்பு. அதில் நான் தலையிட மாட்டேன். வீட்டிலிருந்து நீங்கள் கூடவே பார்க்க வேண்டியது நேரக் கணக்கு. இளம் வித்வான்களின் கச்சேரி குலைவது பெரும்பாலும் ஞானக் குறைவால் இல்லை. 90 நிமிடத்துக்குள் இரண்டு மணி நேரச் சரக்கை அடைக்கப் பார்ப்பதால்தான். முதல் நாற்பது நிமிடம் தாராளமாகப் போகும், மெயின் ராகத்தில் அவசரம் தொற்றிக்கொள்ளும், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சும், கடைசியில் வரும் லேசான துக்கடாவே இல்லாமல் மங்களம் பாடி எழுந்திருப்பார்கள். மதிய நேரத்துப் பிள்ளைகள் கச்சேரிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான உருப்படிகளால் மேடையைச் சூடாக்கி, நடுவில் கனமான ராகத்தை வைத்து, லேசான உருப்படிகளில் முடிப்பது அந்த வழி. அதை 90 நிமிடத்துக்குச் சுருக்கினால் கணக்கு இப்படி வரும். வர்ணம் 5 நிமிடம். அடுத்த கிருதி, நான்கைந்து ஆவர்த்தம் (தாளச் சுற்று) கல்பனாஸ்வரத்தோடு (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) 8. சப்-மெயின் (மெயினுக்கு அடுத்த முக்கிய உருப்படி), சின்ன ஆலாபனையும் (தாளமில்லாத ராக விரிவு) வயலின் பதிலும் சேர்த்து 14. மெயினுக்கு முன் துரிதமான ஒரு உருப்படி 4. மெயினில் ஆலாபனை 9, வயலின் 5, கிருதி 10, நிரவல் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது) 5, ஸ்வரம் 7, தனி 9 என்று 45 நிமிடம். துக்கடா ஒன்று 5, மங்களம் 1. கூட்டினால் 82. மீதி எட்டு நிமிடத்தை எதற்கும் ஒதுக்காதீர்கள். சுருதி சரிபார்க்க, தண்ணீர் குடிக்க, மைக் சொதப்ப, யாராவது மாலை போட என்று அது தானாகவே கரைந்துவிடும். மேடையில் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு எண்தான்: தனி ஆவர்த்தனம் 72ஆவது நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். சிறிய கடிகாரம் ஒன்றைத் தம்புராப் பெட்டிக்குப் பக்கத்தில், சபைக்குத் தெரியாதபடி வைத்துக்கொள்ளலாம். கையில் கட்டிய கடிகாரத்தைத் தாளம் போட்டபடி பார்ப்பது நன்றாக இருக்காது.

நேரம் பிந்தினால் எதை வெட்டுவது என்பதையும் முன்னமே முடிவு செய்துவிடுங்கள். முதலில் போக வேண்டியது மெயினுக்கு முன்னால் வரும் அந்தத் துரித உருப்படி. அடுத்தது சப்-மெயினில் ஸ்வரம். தனியை வெட்டவே கூடாது. ஒன்றரை மணி நேரம் உங்கள் மகளைத் தாங்கிப் பிடித்தவருக்கு அந்த ஒன்பது நிமிடம்தான் சொந்தம்.

கல்யாணி நல்ல தேர்வு. ஆனால் அது மெயின் என்றால் மற்றவை அதற்கு வழிவிட வேண்டும். லதாங்கியில் தைவதமும், வாசஸ்பதியில் நிஷாதமும், பூர்விகல்யாணியில் ரிஷபமும்தான் கல்யாணியிலிருந்து மாறுகின்றன. இவற்றில் ஒன்றைச் சப்-மெயினாக வைத்தால் கல்யாணி புதிதாகக் காதில் விழாது. சங்கராபரணமும் வேண்டாம், அங்கே மாறுவது மத்யமம் மட்டுமே. ஹம்ஸத்வனியில் வரும் ஸ்வரங்கள் எல்லாமே கல்யாணிக்குள் இருப்பவை. அதைப் பாடக் கூடாது என்றில்லை, ஆனால் பிள்ளையார் உருப்படியை நாட்டையிலோ கௌளையிலோ எடுத்தால் பின்னால் கல்யாணியில் வரும் பிரதி மத்யமம் (உயர்ந்த மத்யமம்) பளிச்சென்று இருக்கும். சப்-மெயினுக்கு ரீதிகௌளை, ஸஹானா, ஸ்ரீரஞ்சனி மாதிரி சுத்த மத்யம ராகம் ஒன்று போதும். வர்ணத்துக்கு ஆபோகி பொருந்தும், அல்லது வேறு எது கைவசம் திடமாக இருக்கிறதோ அது. அட தாள வர்ணம் பாடித் தொடங்கினால் கம்பீரமாக இருக்கும்தான், இரண்டு காலமும் பாடினால் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். இந்த நேரத்துக்கு ஆதி தாள வர்ணமே போதும். எல்லா உருப்படியும் ஆதி தாளமாகிவிடாமல் ஒரு ரூபகம், ஒரு மிஸ்ரசாபு வரட்டும். தமிழ் உருப்படியைக் கடைசித் துக்கடாவுக்கு மட்டும் ஒதுக்கிவிடாமல் முன்பாதியிலும் ஒன்று வைப்பது என் விருப்பம். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவதை அவளே மேடையிலிருந்து பார்ப்பாள்.

அடுத்தது சுருதி. பாடும் ஆதார சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண் குரலுக்குப் பொதுவாக 5 கட்டையிலிருந்து 6 கட்டைக்குள் அமையும். போட்டிகளில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அரைக் கட்டை ஏற்றிப் பாடிய பழக்கம் இருந்தால் அதை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். பத்து நிமிடப் போட்டிப் பாட்டைத் தாங்குகிற சுருதி 70ஆவது நிமிடத்தில் தாங்காது. சோதிப்பது எளிது. முழு லிஸ்டையும் வீட்டில் ஒரே உட்காரலில் பாடச் சொல்லுங்கள். முடிவில் மந்திர பஞ்சமம் வெறும் காற்றாகாமல் நிற்கிறதா, தார ஸ்தாயி காந்தாரம், மத்யமம் கத்தாமல் பிடிபடுகிறதா என்று பாருங்கள். கீழே நழுவினால் சுருதியை அரைக் கட்டை ஏற்றுங்கள், மேலே நழுவினால் அரைக் கட்டை இறக்குங்கள். முடிவான சுருதியை மிருதங்க வித்வானுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பெண் குரலுக்கு ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம், ஆண் குரலுக்குத் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம் என்று வாத்தியமே வேறு. கடைசி நாளில் அரைக் கட்டை மாற்றினால், வார்ப்பிடித்து (தோல் வாரை இழுத்து) சரிசெய்வதற்கும் ஒரு எல்லை உண்டு. குறிஞ்சி, புன்னாகவராளி, நவரோஜ் மாதிரி மத்யம சுருதி (மத்யமத்தை ஆதாரமாக வைத்துப் பாடும்) உருப்படி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் வேறு மிருதங்கம் எடுத்துவர வேண்டியிருக்கலாம்.

கர்நாடகக் கச்சேரிக்குப் பொதுவாக ஒத்திகை கிடையாது. ஆகவே பக்கவாத்தியக்காரர்களுக்கு லிஸ்டை அனுப்பும்போது ராகம், தாளம் மட்டும் போதாது. எத்தனை களை (ஒவ்வொரு தாள எண்ணிக்கையையும் எத்தனை தரம் போடுவது), எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே, நிரவல் எந்த வரியில், ஸ்வரம் எந்த இடத்தில் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அபூர்வ கிருதியாக இருந்தால் அவள் பாடிய பதிவையும் வயலின் வித்வானுக்கு அனுப்பலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

இனி ஆலாபனை. ஒன்பது நிமிடக் கல்யாணியில் முதல் பதினைந்து விநாடிக்குள் கல்யாணி என்று தெரிந்துவிட வேண்டும். பூடகமாகத் தொடங்கி சபையை ஊகிக்க வைப்பது மூத்தவர்களின் உரிமை. நான்கு நிமிடம் வரை மந்திர ஸ்தாயியிலும் மத்ய ஸ்தாயியிலும் காந்தாரம், பஞ்சமம், நிஷாதம் என்று ஒவ்வொரு இடமாக நின்று வரட்டும். இளம் பாடகிகள் செய்கிற தவறு, இரண்டாவது நிமிடத்திலேயே தார ஷட்ஜத்தில் போய் நிற்பது. கைதட்டல் கிடைக்கும். ஆனால் மிச்சம் ஏழு நிமிடத்துக்கு ஏற இடமில்லாமல், அதே பிருகாவே (வேகமான ஸ்வரக் கோவை) நாலு தரம் வரும். தார ஷட்ஜத்தை ஐந்தாவது நிமிடத்துக்கு வைத்துக்கொண்டால், அதற்கு மேல் காந்தாரம் வரை போய், துரிதமான பிடிகள் (ராகத்தின் சொற்றொடர்கள்) இரண்டு மூன்று பாடி, எட்டாவது நிமிடத்தில் கீழே இறங்கிவிடலாம். வயலின் வாசிக்கும் ஐந்து நிமிடமும் அவள் கேட்க வேண்டும், அவர் பக்கம் முகம் இருக்க வேண்டும். அடுத்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டக் கூடாது. அவர் எடுத்த ஒரு பிடியை நிரவலில் திருப்பிப் பாடினால் இருவருக்கும் அங்கேயே பேச்சு தொடங்கிவிடும்.

நிரவலில் சொற்கள் தாளத்தில் விழுந்த இடத்திலேயே விழ வேண்டும், ராகம் மட்டுமே மாற வேண்டும். மூச்சு வாங்குவதற்காகச் சொல்லை நடுவில் வெட்டுவதுதான் பெரிய குறை. தியாகராஜரின் 'நிதி சால சுகமா' கிருதியைப் பாடுவதாக இருந்தால், 'மமதா பந்தன யுத நரஸ்துதி சுகமா' என்ற வரியில் 'யுத'வுக்குப் பிறகு மூச்சு எடுக்கலாம், 'பந்த' என்று நிறுத்தக் கூடாது. அந்தக் கிருதி மிஸ்ரசாபு. ஒன்பது நிமிடத் தனிக்கு ஏழு அட்சரச் சாபுவைக் கை பிசகாமல் போட முடியுமா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆதி தாளத்தில் உள்ள கல்யாணி கிருதி ஒன்றை எடுப்பதே புத்திசாலித்தனம். நிரவலுக்கு முசிறி சுப்ரமணிய அய்யர் பதிவுகளையும், கணக்கே இல்லாததுபோல் ஓடும் சர்வலகு ஸ்வரத்துக்கு மதுரை மணி அய்யர் பதிவுகளையும் தினமும் கேட்கட்டும்.

ஸ்வரத்தின் முடிவில் கோர்வை, அதாவது கணக்கிட்டு எடுப்பில் கொண்டுவந்து முடிக்கும் ஸ்வரக் கட்டு. இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள், அதனால் ஒன்றை விரித்துச் சொல்கிறேன். ஆதி தாளம் ஒரு களை, பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து (தாளச் சுற்று தொடங்கும் இடம்) அரை இடம் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். சதுஸ்ர நடையில் (ஒரு எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை) ஒரு ஆவர்த்தம் 32 மாத்திரை, அரை இடம் 2 மாத்திரை. எடுப்பில் தொடங்கி எடுப்பில் முடிய 32 வேண்டும். ஆறு ஸ்வரம், ஒரு கார்வை (ஒரு மாத்திரை இடைவெளி), ஐந்து ஸ்வரம், ஒரு கார்வை, நான்கு ஸ்வரம் என்று பாடினால் 17. பிறகு ஐந்து மூன்று தரம், 15. மொத்தம் 32, சரியாக எடுப்பில் வந்து உட்காரும். மேடைப் படபடப்பில் நடப்பது என்னவென்றால், ஸ்வரம் எதுவும் தவறாது, அந்த இரண்டு கார்வைகளைத்தான் விழுங்கிவிடுவார்கள். 32 என்பது 30 ஆகிவிடும், கோர்வை சமத்தில் வந்து விழும், பாட்டு அரை இடம் தள்ளி நிற்கும். ஆகவே கோர்வையைப் பழகும்போது கார்வை வரும் இடத்தில் கைத் தட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பழக வேண்டும். இந்தக் கோர்வையில் முதல் கார்வை முடியும்போது எடுப்பிலிருந்து 7 மாத்திரை ஆகியிருக்கும், அதாவது சமத்திலிருந்து 9. இரண்டாவது விரல் எண்ணிக்கை விழுந்து ஒரு மாத்திரை கழித்து ஐந்து ஸ்வரம் தொடங்கும். கைக்கு இது தெரிந்துவிட்டால் பயத்தில்கூட மறக்காது. கச்சேரிக்கு இந்த அளவு கோர்வைகள் இரண்டு போதும். பெரிய கணக்குகளை வகுப்பிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

தனியின்போது தாளத்தை மிருதங்க வித்வான் கண்ணுக்குத் தெரியும்படி, சீராகப் போட வேண்டும். அவர் வேகமாக வாசிக்கிறார் என்று கையும் வேகமெடுக்கக் கூடாது. மோரா (தனி முடியப்போவதைக் காட்டும் சொற்கட்டு) வைத்துவிட்டுக் கோர்வையை மூன்று தரம் வாசிப்பார். மூன்றாவது முடிந்ததும் பாட்டின் எடுப்பை எடுக்க வேண்டும். முதல் தரம் முடிந்ததுமே வாய் திறந்துவிடுவதும், மூன்றாவதில் அசந்துபோவதும் இரண்டுமே நடக்கும். எந்த வரியில் எடுப்பது என்பதை முன்பே பேசிவைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாணுக்குள், சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கி வைக்கச் சொல்லுங்கள். தார ஸ்தாயியில் தலையைப் பின்னுக்கு இழுப்பதைவிட, குரலைக் குறைத்துப் பாடிப் பழகுவது நல்லது. மானிட்டரில் தம்புராவும் அவள் குரலும் கேட்டால் போதும், மிருதங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் திரை விலகுவதற்கு முன் ஒலி அமைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். பாட்டுக்கு நடுவே கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தால் சபையின் கவனம் ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஏசி அரங்கில் மிருதங்கத்தின் சுருதி நகரும், இரண்டாவது உருப்படி முடிந்ததும் ஒரு தடவை நிதானமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

அன்று காலை மந்திர ஸ்தாயியில் அரை மணி நேரம் அகாரம் ('ஆ' என்று பாடும் பயிற்சி) போதும், முழு லிஸ்டையும் பாடிப் பார்க்க வேண்டாம். சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். மதியக் கச்சேரி என்றால் பதினோரு மணிக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்கில் வெந்நீர். சாகித்யப் புத்தகம் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் மெயின் கிருதிக்கு அதைத் திறக்க வேண்டியிருந்தால் அந்தக் கிருதியை மாற்றிவிடுங்கள்.

கச்சேரி முழுவதையும் பதிவு செய்யுங்கள். அன்றே கேட்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து, மேலே சொன்ன நிமிடக் கணக்கைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியும் உண்மையில் எவ்வளவு எடுத்தது என்று குறித்து, அந்தத் தாளோடு அவளைக் குருவிடம் அனுப்புங்கள்.