பகலில் எழுத்து தெரிகிறது, சாயங்காலம் படி தெரியவில்லை

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து லென்ஸ் வைத்தாயிற்று. போன மாதம் செக்கப்பில், வயதினால் வரும் மாக்குலா சிதைவு ஆரம்பித்திருக்கிறது, ஆனால் பார்வை 6/9 இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். வீட்டிலோ விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். முற்றத்திலிருந்து கூடத்துக்குள் வந்தால் அப்படியே நின்றுவிடுகிறார். “டாக்டரே கண் நன்றாக இருக்கிறது என்கிறார், அம்மாவுக்குத்தான் வீண் பயம்” என்கிறார் என் கணவர். மாலைக்கண்ணாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் தினமும் கேரட் ஜூஸ் கொடுக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அத்தைக்கு இருப்பது வீண் பயம் இல்லை. டாக்டர் சொன்னதும் சரி, அத்தை படும் பாடும் நிஜம். 6/9 என்பது நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பலகையில் கன்னங்கரேலென்று இருக்கும் எழுத்தை உட்கார்ந்த இடத்தில் வாசித்துக் காட்டியதற்கான அளவு. பொழுது சாய்ந்தபின் சாம்பல் நிற சிமென்ட் படியில் கால் வைப்பது அதில் சேராது.

நம் விழித்திரையில் எழுத்து வாசிக்கக் கூம்பு செல்களும், மங்கல் வெளிச்சத்தில் பார்க்கக் குச்சி செல்களும் இருக்கின்றன. விழித்திரையின் நடுப்பகுதிக்குத்தான் மாக்குலா என்று பெயர். அதன் நட்டநடுப் புள்ளியில் குச்சி செல்களே கிடையாது. அதைச் சுற்றித்தான் இருக்கும். இந்த நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது அந்தச் சுற்றுவட்டத்துக் குச்சி செல்கள் மேல்தான். அதனால்தான் எழுத்து தப்பிக்கிறது, அந்திப் பார்வை அடிபடுகிறது.

முற்றத்து வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் நின்றுவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் வெளுத்துப்போன குச்சி செல்களின் நிறமி மறுபடி உருவாக, விழித்திரையின் அடி அடுக்கிலிருந்து விட்டமின் ஏ வந்து சேர வேண்டும். நல்ல கண்ணுக்கே இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். மாக்குலா சிதைவில் அந்த அடி அடுக்குக்குக் கீழே கொழுப்புப் படிவங்கள் சேர்ந்து வழியை அடைப்பதால் இன்னும் தாமதமாகிறது. ஆகவே அவர் நிற்கும்போது “வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், உட்கார்ந்து எழுந்து வரட்டும். முற்றத்தில் இருக்கும்போது கூலிங் கிளாஸ் போட்டு, உள்ளே வந்ததும் கழற்றிவிட்டால் இந்தத் தடுமாற்றம் நன்றாகவே குறையும்.

கேரட் விஷயமும் இதில் அடங்கிவிடுகிறது. மாலைக்கண் விட்டமின் ஏ குறைவால் வருவது. அத்தைக்கு உடம்பில் அந்தக் குறை இல்லையென்றால், எவ்வளவு ஜூஸ் கொடுத்தாலும் அடைபட்ட வழி திறக்காது. விட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. அளவு மீறினால் கல்லீரல் கெடும். கீரை நல்லது, தாராளமாகக் கொடுங்கள். ‘கண் மாத்திரை’ என்று கடையில் விற்பவற்றில் துத்தநாகம், லூட்டின் சேர்ந்த ஒரு கலவை, நடுத்தர நிலைக்கு வந்த நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துவதாக அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆரம்ப நிலையில் அதனால் பலன் தெரியவில்லை. எந்த நிலை என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதை வீட்டுக்குள் நிறுத்துவது முக்கியம்.

இனி வீட்டைப் பாருங்கள். அடுப்படியில் டியூப்லைட் நம் முதுகுக்குப் பின்னால் எரியும். அத்தை குனிந்து காய் நறுக்கும்போது அவர் நிழலே அரிவாள்மனை மேல் விழும். பெரிய பல்பு வாங்கி மாட்டுவதைவிட, மூடி போட்ட சின்ன விளக்கு ஒன்றை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணில் அடிக்காதபடி வையுங்கள். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் விழும் வெளிச்சம் நாலு மடங்காகும். ராத்திரி ஜீரோ வாட் பல்பு இவருக்குப் போதாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் விளக்குகளை முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்குத் தலைமாட்டில் ஒரு டார்ச்.

அப்புறம் நிறம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருப்பதே அவருக்குத் தெரியாது. அடர் நிற டம்ளரில் பால், வெள்ளைக் கோப்பையில் காபி கொடுத்துப் பாருங்கள். இரும்பு வாணலியில் கடுகு வெடித்ததா என்று எட்டிப் பார்க்க வைக்க வேண்டாம். வெள்ளை மாத்திரையை அடர் நிறத் தட்டில் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுங்கள். இவற்றில் ஒன்றை மட்டும்தான் இந்த வாரம் செய்ய முடியும் என்றால், படியைச் செய்யுங்கள். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டு வருவது பெரும்பாடு.

கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பலர் இருட்டுக்குப் பயந்து முதலில் விடுவது அதைத்தான், அப்புறம் ஆளே ஒடுங்கிப்போகிறார்கள். உள் மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு சன்னதிக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் அவர் கையைப் பிடிப்பதைவிட, உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வரட்டும். படி வருவது உங்கள் உடம்பின் அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வாரம் ஒரு தடவை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி. அது ரத்தக் குழாய் கசியும் ஈர வகையாக மாறியதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால்தான் பார்வையைக் காப்பாற்ற முடியும்.

அடுத்த செக்கப்புக்கு உங்கள் கணவரும் கூட வரட்டும். மங்கல் வெளிச்சத்தில் படும் சிரமத்தை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். வெளிறிய எழுத்துகளை வைத்துச் செய்யும் சோதனையைக் கேளுங்கள். ஆபரேஷன் லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கியிருக்கிறதா, கண் நீர் அழுத்தம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் இதே தொல்லையைத் தரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே விளக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் அத்தையின் கையில் கொடுத்துப் பழக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.