தினமும் தண்ணீர் மாற்றியும் தங்கமீன்கள் ஏன் செத்துப்போகின்றன?

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய இரண்டு தங்கமீன்களைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு, தினமும் குடுவையைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் பத்து நாள் தாண்டுவதில்லை, மூன்று முறை இப்படியே ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தத் தேய்த்துக் கழுவுவதுதான் தப்பு. அதே தப்பில் தொடங்கி ஏழு மீன்களைக் கொன்றவன் என்ற முறையில் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே அந்த நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால், "உன் மீனைக் கொன்றது அமோனியா" என்று மீன்கடைத் தவுக்கே (முதலாளி) சொன்னபோது நான் நம்பவில்லை. தண்ணீரில் நாற்றமே இல்லையே என்றேன். "உனக்கு நாற்றம் தெரிகிற வரைக்கும் மீன் உயிரோடு இருக்காது" என்றார்.

அந்த அமோனியா மீனிடமிருந்தேதான் வருகிறது. செவுள் வழியாக நாள் முழுக்க வெளியேற்றுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் இன்னும் கூடும். குளத்தில் இதைப் பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இவை பில்டர் பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்பவை. ஒரு புதுத் தொட்டியில் இவை நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்களோ தினமும் வழித்துத் துடைத்துவிட்டு, போதாததற்குக் குழாய்த் தண்ணீரின் குளோரினையும் ஊற்றுகிறீர்கள். குளோரின் பாக்டீரியாவையும் கொல்லும், மீனின் செவுளையும் எரிக்கும். குடுவை சின்னது என்பதால், மறுநாள் கழுவுவதற்குள் அமோனியா மறுபடி ஏறிவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் குடுவையை விடுங்கள், அதில் பூ வையுங்கள். இரண்டு மீனுக்கு இரண்டடித் தொட்டி, அதாவது 60 லிட்டராவது வேண்டும். வளர வளர அதுவும் பற்றாது. கூடவே ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் பில்டர். நம் ஊருக்கு ஏர் பம்பு கட்டாயம். தங்கமீன் குளிர்ந்த நீரில் வாழும் கெண்டை இனம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். மதியம் எங்கள் வீட்டுத் தொட்டி 30 டிகிரியைத் தொடும்போது அது ஏழரைதான். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்து என் அம்மா ரொட்டியைப் பிய்த்துப் போடுவார். அது மூச்சுத் திணறல். ரொட்டி விழுந்தால் இன்னும் மோசமாகும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் காட்டாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி, போதும். புதுத் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் பறக்காது. அதனால் நான் எப்போதும் ஆண்டி குளோரின் என்ற குளோரின் நீக்கும் மருந்தும் சேர்க்கிறேன். தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திறந்ததும் கலங்கலாக வருமே, அதைத் தொட்டிக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

இப்போதே மீன் கையில் இருக்கிறது என்றால் முதல் ஆறு வாரம்தான் கண்டம். அதுவரை தினமும் கால்வாசி மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். அமோனியா, நைட்ரைட் பார்க்கும் சோதனைத் திரவம் ஒரு செட் வாங்கிவிடுங்கள். இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சையும் பாருங்கள். 7-இல் இருப்பது 8-க்கு ஏறினால், அதே அமோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். தொட்டி அழகுக்கு என்று பவளக் கல்லைப் போட்டு இப்படித்தான் நான் ஒரு ஜோடியைத் தொலைத்தேன். அந்த ஏழில் அவையும் அடக்கம்.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய ஒன்று. டிங்கிக் காய்ச்சலைத் தடுக்கத் தாமானில் (குடியிருப்பில்) கொசுப்புகை அடிக்க வருவார்கள் அல்லவா, அந்த மருந்து மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்பு வெளிக்காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடும். அதனால் வண்டிச் சத்தம் கேட்டதுமே பம்பை நிறுத்தி, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடுங்கள். புகை கலைந்ததும் விரிப்பை எடுத்துவிட்டுப் பம்பை மறுபடி போட வேண்டும். ஒருநாள் அதை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஏழு என்று மேலே சொன்ன கணக்கில் அந்த எட்டாவது மீனைச் சேர்க்கவில்லை.