தேசியச் சட்டம் இருக்க, நகராட்சிச் சட்டம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் பாகுபாட்டைத் தடுக்க 1964-லிருந்தே தேசியச் சட்டம் இருக்கிறது. அப்படியிருக்க, சியாட்டில் சாதியைச் சேர்த்தது, நியூயார்க் உயரத்தையும் எடையையும் சேர்த்தது என்று எந்தெந்தக் காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பட்டியலை ஒவ்வொரு நகரமும் நீட்டிக்கொண்டே போவானேன்? சொந்த வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்யும் உரிமைகூட ஒருவருக்கு இல்லையா?

பதில்: தேசியச் சட்டம் எல்லோரையும் காக்கிறது என்ற நம்பிக்கையில் கேட்கிறீர்கள். அப்படிக் காக்கவில்லை. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி, குறைந்தது 15 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். பத்துப் பேர் வேலை பார்க்கும் கடையில் மதத்துக்காகவோ, கர்ப்பமானதற்காகவோ ஒருவரை நீக்கினால் அந்தச் சட்டம் அங்கே வராது. வீட்டுக்கும் இதே கதைதான். வீட்டுக்காரரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, அதில் மொத்தம் நான்கு வீடுகளுக்கு மேல் இல்லையென்றால், 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் பெரும்பாலும் அவரை விட்டுவிடுகிறது. இனத்தைக் காட்டி மறுத்தால் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துணைக்கு வரும். ‘கைக்குழந்தை இருக்கிறது, வீடு கிடையாது’ என்று சொன்னால் அதுவும் வராது.

வருமானம் குறைந்தவர்களின் வாடகையில் ஒரு பகுதியை அரசு கொடுக்கும் ‘செக்‌ஷன் 8’ வவுச்சர் திட்டத்தையும் பாருங்கள். வவுச்சரோடு வருபவருக்கு வீடு தர மறுப்பதை தேசிய வீட்டுவசதிச் சட்டம் தடுக்கவில்லை. பணம் தருவது அரசு, ஆனால் வாங்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லலாம். இதைத் தடுத்திருப்பவை சில மாநிலங்களும் பல நகரங்களும்தான்.

பட்டியல் நீள்வதைப் பற்றி. பாதுகாப்பு எப்போதும் மேலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். மிச்சிகனில் உள்ள ஈஸ்ட் லான்சிங் நகரம் 1972-லேயே, தன்பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி நகராட்சி வேலையை மறுக்கக் கூடாது என்றது. மினியாபொலிஸ் 1975-ல் திருநர்களுக்குப் பாதுகாப்பு தந்தது. இவர்களுக்கெல்லாம் தேசியச் சட்டத்தில் இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020-ல். அதுவும் வேலைவாய்ப்பு வழக்கில். நகரங்கள் காத்திருந்தால் ஒரு தலைமுறையே பணிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போயிருக்கும்.

சாதிக்கு வருகிறேன். சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் 6-க்கு 1 என்ற வாக்கில் அதைச் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் நியூசம், மாநில அளவிலான மசோதாவுக்குக் கையெழுத்திட மறுத்தார். இருக்கும் சட்டத்திலேயே சாதியும் அடங்கும் என்பது அவர் சொன்ன காரணம். நீங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதையேதான். என்னால் ஏற்க முடியவில்லை. சாதியின் பெயரைச் சொல்லாத சட்டத்தில் புகார் கொடுப்பவர், முதலில் சாதி என்றால் என்ன, அது சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ‘வம்சாவளி’ என்ற சொல்லில் சேருமா என்று வாதாடிவிட்டுத்தான் தனக்கு நடந்ததையே பேச முடியும். மேலதிகாரி குடும்பப் பெயரைத் துருவித் துருவிக் கேட்பது எதற்கு என்று நமக்குத் தெரியும். விசாரணை அதிகாரிக்கு அது தெரிய வேண்டுமானால் சட்டத்தில் அந்தச் சொல் இருந்தாக வேண்டும்.

சரி, வீட்டுக்காரர் உரிமை. வாடகை கட்ட முடியுமா, முந்தைய வீட்டை ஒழுங்காக வைத்திருந்தாரா என்று அவர் தாராளமாக விசாரிக்கலாம். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாடகைக்கு விடுவது வியாபாரம். தீ பாதுகாப்பு விதிக்குக் கட்டுப்படுகிறவர் இதற்கும் கட்டுப்படலாம்.

நகரச் சட்டங்கள் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. பல ஊர்களில் தீர்மானம் போட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புகாரை வாங்க அலுவலகம், விசாரிக்க ஆட்கள், நிதி எதுவும் இருப்பதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. வேலையில் பாகுபாடு நடந்தால் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதே காரணத்துக்காக மாநிலத்திலோ ஊரிலோ சட்டம் இருந்து, அதை அமல்படுத்த ஓர் அமைப்பும் இருந்தால் அந்தக் கெடு 300 நாளாகிறது. வேலை போன அதிர்ச்சியில் இருப்பவருக்கு அந்த 120 நாள் பெரிது. ஆகவே பட்டியல் ஏன் நீள்கிறது என்பதை விடுங்கள். புகாரை விசாரிக்க இந்த ஆண்டு பட்ஜெட்டில் எத்தனை பேருக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் நகரமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.